காதல் கதைக்கும் பேய்க் கதைக்கும் மின்பதிப்பாளர் தேடுவது எப்படி?

நம் மன்றத்தைச் சேர்ந்த மாணவ மாணவியருள் கதை எழுதுவோர் தொகை நாம் நினைப்பதைவிட மிகுதி. பகலெல்லாம் கணக்கும் கட்டட வரைபடமும் போடுகிறவர், இரவில் கைப்பேசியில் நாவல் எழுதுகிறார். அப்படி எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று காதல், மற்றொன்று பேய், சாபம், முற்பிறவி முதலிய அமானுஷ்யம். இரண்டையும் ஒரே பானையில் இட்டுச் சமைப்போரும் உளர்.

இவற்றை இழிவாகக் கருத வேண்டியதில்லை. உதயகுமாரன் காதலும், மணிமேகலா தெய்வம் நாயகியைத் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் விடுவதும் ஒரே காப்பியத்தில் வருகின்றன அல்லவா? வேதாளக் கதை கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா? புதுமைப்பித்தனே ‘காஞ்சனை’ எழுதினார். நம் காலத்தில் ரமணிசந்திரனின் காதல் நாவல்களும் இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மக் கதைகளும் எத்தனை வீடுகளில் இடம் பெற்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, இவ்வகைக் கதை எழுதலாமா என்பது கேள்வி அன்று. எழுதி முடித்த கதையை எவரிடம், என்ன நிபந்தனையின்பேரில் கொடுப்பது என்பதே கேள்வி.

நான் இரசாயன முதுகலை மாணவி. இலக்கியம் கற்றவள் அல்லேன். ஆயினும், ஒரு புட்டியைத் திறக்குமுன் அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டை இருமுறை படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம். பதிப்பாளரிடம் செல்லும்போதும் அப்பாடம் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான்கு வகையினர்

மின்னூல் வெளியிடுவோர் அனைவரையும் ‘பதிப்பகம்’ என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் விளைகிறது. உண்மையில் அவர்கள் நால்வகையினர்.

முதல் வகை, மெய்யான மின்பதிப்பகம். கைப்பிரதியைப் படித்து, வேண்டுமென்றால் ஏற்கும், வேண்டாமென்றால் மறுக்கும். ஏற்றபின் பிழைதிருத்தம், அட்டைப்படம், விற்பனை ஆகிய செலவுகளைத் தானே ஏற்று, விற்பனையில் ஒரு பங்கை நமக்கு ராயல்டியாகத் தரும்.

இரண்டாம் வகை, நாமே வெளியிட இடம் தரும் கடை. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வெளியீட்டுச் சேவை இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே பதிப்பாளர் நாமே; எழுத்துப்பிழை இருந்தாலும் நம்முடையதே, புகழ் வந்தாலும் நம்முடையதே.

மூன்றாம் வகை, தொடர்கதை மேடை. 2006-இல் கனடாவில் தோன்றிய வாட்பேட், 2014-இல் தொடங்கிப் பெங்களூரிலிருந்து நடைபெறும் பிரதிலிபி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். வாசகர் உடனுக்குடன் கருத்துரைப்பர்.

நான்காம் வகையினர், எழுத்தாளரிடமே பணம் வாங்கி நூல் வெளியிடுவோர். இவர்கள் தங்களை முதல் வகையினர் போலவே காட்டிக்கொள்வர். இவர்களைப் பிரித்தறிவதே நம் முதல் வேலை.

அமெரிக்கா தரும் பாடம்

இத்துறையின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காண வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். மின்னூலை முதலில் ஆரவாரத்தோடு வரவேற்றவர்களுள் காதல் கதை வாசகர்கள் முன்வரிசையில் நின்றனர். அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் மிக வேகமாகப் படிப்பவர்கள். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது வேண்டும். ஒரே உலகில் நடக்கும் தொடர் நாவல்களில் அவர்களுக்கு விருப்பம் அதிகம். பேருந்தில் எதைப் படிக்கிறோம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் அறிய வேண்டாம் என்ற கூச்சமும் சிலருக்கு இருந்தது. மின்னூலுக்கு அட்டை தெரியாது!

கிண்டில் கருவி வெளிவந்தது 2007 நவம்பரில். அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 2000-இல், ஒகையோ மாநிலத்தில் ‘எல்லோராஸ் கேவ்’ என்ற மின்பதிப்பகம் தொடங்கப்பட்டுவிட்டது. பெரிய பதிப்பகங்கள் ஏற்க மறுத்த துணிச்சலான காதல் கதைகளையும், இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் முதலியோர் நாயகராக வரும் கதைகளையும் அது வெளியிட்டது. அதன் பெயர் நம் நாட்டு எல்லோராக் குகைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பது நமக்கு வியப்பூட்டும் செய்தி. 2005-இல் ‘சாம்ஹெய்ன்’ என்ற பதிப்பகம் பிறந்தது. அதே ஆண்டில் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வெளிவர, இரத்தக்காட்டேரிக் காதலுக்கு உலகெங்கும் வாசகர் பெருகினர். 1949-இல் தொடங்கிய பழைய காதல் நாவல் நிறுவனமான ஹார்லெக்வினும், மின்னூலையே முதன்மையாகக் கொண்ட ‘கரினா பிரஸ்’ என்ற பிரிவை 2010-இல் திறந்தது.

அதே 2010-இல் மினசோட்டா மாநிலத்து இளம்பெண் ஒருவர் பதிப்பகங்கள் பல திருப்பி அனுப்பிய தம் அமானுஷ்யக் காதல் கதைகளைத் தாமே கிண்டிலில் ஏற்றினார். அமாண்டா ஹாக்கிங் என்பது அவர் பெயர். ஓராண்டுக்குள் அவர் நூல்கள் பத்து இலட்சம் பிரதிக்குமேல் விற்றன. 2011-இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற பெரிய பதிப்பகம் நான்கு நாவல்களுக்கு இருபது இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது.

இதனைக் கேட்டவுடன் நமக்கும் ஆசை பிறக்கிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் கேட்க வேண்டும். எழுத்தாளர் பலர் தாமே வெளியிடத் தொடங்கவே, இடையில் நின்ற சிறு மின்பதிப்பகங்கள் தளர்ந்தன. எல்லோராஸ் கேவ் பதிப்பகத்தில் ராயல்டி வந்து சேர்வதில்லை என்ற முறையீடு எழுந்தது. அதைப் பற்றி எழுதிய ஓர் இணைய இதழ்மீது அந்நிறுவனம் 2014-இல் அவதூறு வழக்கே தொடுத்தது. அது மறு ஆண்டில் சமரசமாக முடிந்தது. 2016 இறுதியில் பதிப்பகம் மூடப்பட்டது. 2017-இல் சாம்ஹெய்னும் மறைந்தது.

இவற்றினும் கொடியது ‘ஆல் ரொமான்ஸ்’ என்ற மின்னூல் கடையின் முடிவு. 2016 டிசம்பர் 28-இல் அறிவிப்பு; 31-இல் கடை மூடல். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டுக்குரிய ராயல்டியில் ஒரு டாலருக்குப் பத்து சென்ட் வீதம் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு எழுத்தாளர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு டாலருக்கு நூறு சென்ட் என்பது நாம் அறிந்ததே. நூறு ரூபாய் வேலை செய்தவன் கையில் பத்து ரூபாயை வைத்து வீட்டுக்கு அனுப்புவதைப் போன்றது இது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பதிப்பகம் பெரியதா, புகழ் பெற்றதா என்பது மட்டும் போதாது. அது நாளை மூடப்பட்டால் நம் நூல் நம்மிடம் திரும்பி வருமா என்பதையும் இன்றே கேட்டுவிட வேண்டும்.

ராயல்டிக் கணக்கு

ஒரு பதிப்பகம் 35 விழுக்காடு தருகிறது. மற்றொன்று 40 விழுக்காடு தருகிறது. எது மேல்? இரண்டாவது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. எதில் 35, எதில் 40 என்று கேட்க வேண்டும்.

நூலின் விலை 100 ரூபாய் என்று கொள்வோம். முதல் பதிப்பகம் அட்டை விலையில் 35 விழுக்காடு தருகிறது; நமக்கு 35 ரூபாய். இரண்டாவது, தனக்கு வந்து சேரும் நிகரத் தொகையில் 40 விழுக்காடு தருகிறது. கடைக்காரர் 30 ரூபாயை எடுத்துக்கொண்டால் பதிப்பகத்துக்கு வருவது 70 ரூபாய். அதில் 40 விழுக்காடு 28 ரூபாய். விழுக்காடு கூடியது, தொகையோ குறைந்தது!

இந்த ‘நிகரம்’ என்ற சொல் பெரிய வழக்கு ஒன்றுக்கே காரணமாயிற்று. 2012-இல் ஹார்லெக்வின் எழுத்தாளர் சிலர் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். மின்னூல் வருவாயில் பாதி தங்களுக்கு என்பது ஒப்பந்தம். ஆனால் நிறுவனம் தன் கிளை நிறுவனம் ஒன்றின் வழியாக உரிமையைக் கைமாற்றி, அட்டை விலையில் 6 முதல் 8 விழுக்காட்டை மட்டுமே ‘வருவாய்’ என்று கணக்கிட்டு, அதில் பாதியைத் தந்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அஃதாவது எழுத்தாளர் கைக்கு வந்தது மூன்று, நான்கு விழுக்காடு. 2016-இல் 41 இலட்சம் டாலர் அளித்து அவ்வழக்கு சமரசம் செய்யப்பட்டது. ஆதலால் ஒப்பந்தத்தில் ‘நிகரம்’ என்ற சொல் வந்தால், எந்தெந்தச் செலவு கழிக்கப்படும் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவோர்க்கு

2016 இறுதியில் கிண்டில் கடையில் தமிழ் நூல்களுக்குத் தனி இடம் கிடைத்தது. அங்கே நாமே நூலை ஏற்றலாம், கட்டணம் இல்லை. ராயல்டி இரு வகை: 35 விழுக்காடு, 70 விழுக்காடு. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு வேண்டுமானால் ‘செலக்ட்’ என்ற திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் தொண்ணூறு நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருத்தல் கூடாது. பிரதிலிபியிலோ வாட்பேடிலோ முழுக்கதையும் கிடந்தால் அது விதிமீறல் ஆகும். தொடர்கதையாக எழுதிப் புகழ் பெற்றபின் கிண்டிலுக்குச் செல்ல நினைப்போர் இதனை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இணையத்தில் ஒருமுறை முழுமையாக வெளிவந்த கதையை ‘ஏற்கெனவே வெளிவந்தது’ என்று சொல்லி ஏற்க மறுக்கும் பதிப்பகங்களும் உண்டு.

அமெரிக்க வாசகர் வாங்கும் பிரதிகளுக்கு அந்நாட்டு வரி பிடிக்கப்படும். வரிப் படிவத்தில் நம் பான் எண்ணைக் குறிப்பிட்டு, இரு நாட்டு வரி உடன்படிக்கையின் பயனைக் கோரினால் 30 விழுக்காட்டுக்குப் பதில் 15 விழுக்காடுதான் பிடிப்பர்.

பணம் வேண்டா, படிப்போர் போதும் என்பவர்க்கு 2013-இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ உண்டு. அங்கே நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்படுகின்றன. ஆனால் ஒன்று: அவ்வுரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது. கொடைக்குரிய நூல் எது, விலைக்குரிய நூல் எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்க.

பாராட்டுக் கடிதமும் பணச் சீட்டும்

எங்கள் விடுதியில் இளங்கலை படிக்கும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி. இரண்டு ஆண்டு உழைத்து ஒரு நாவல் எழுதினாள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மணமாகி வரும் பெண்ணை, அவ்வீட்டில் முன்பு இறந்துபோன மருமகள் காப்பாற்றுவதே கதை. நன்றாகவே எழுதியிருந்தாள். அதை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். மூன்றாம் நாளே பதில் வந்தது. ‘தங்கள் எழுத்து தமிழுக்கு ஒரு வரவு’ என்று தொடங்கிய அக்கடிதம், பதிப்புச் செலவில் எழுத்தாளர் பங்காக இருபத்தையாயிரம் ரூபாய் கட்டுமாறு கேட்டு முடிந்தது. ஒரு வாரத்துக்குள் கட்டினால் சலுகையும் உண்டாம்.

“அக்கா, அம்மா சீட்டுப் பணம் எடுத்துத் தரேன்னு சொல்றாங்க. கட்டிடட்டுமா?” என்று என்னிடம் கேட்டாள்.

அவள் தாயார் தையல் வேலை செய்து கட்டிய சீட்டு அது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அக்கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். அறுபதினாயிரம் சொற்கள் கொண்ட நாவலில் எந்தப் பாத்திரத்தின் பெயரும் அப்பாராட்டில் இல்லை. அதை எந்தக் கதைக்கும் அனுப்பியிருக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தர ஒரு தொகை. பதிப்புரிமை பதிவு செய்ய ஒரு தொகை. நம் நாட்டில் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரால் அமைந்த தேசிய நிறுவனம் இலவசமாகவே வழங்குகிறது. கிண்டில் மின்னூலுக்கு அவ்வெண் தேவையும் இல்லை. பதிப்புரிமையோ எழுதிய கணமே எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு கட்டாயம் அன்று.

“அப்போ இவங்க என் கதையைப் படிக்கவே இல்லையா, அக்கா?” என்றாள் அவள். பணம் கேட்டதைவிட அதுதான் அவளை அதிகம் வருத்தியது. பணம் கட்டவில்லை. நாவலை இப்போது வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை மேடையில் எழுதி வருகிறாள். வாசகர் சில நூறு பேர்தாம். ஆனால் அவர்கள் இறந்துபோன மருமகளின் பெயரைச் சொல்லி, அடுத்த வாரம் அவள் வருவாளா என்று கேட்கிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் மெக்டொனால்ட் இதற்கு ஒரு விதியே வகுத்திருக்கிறார். பணம் எப்பொழுதும் எழுத்தாளரை நோக்கியே பாய வேண்டும் என்பது அதன் சாரம். அமிலமா காரமா என்று அறிய நாங்கள் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்பதுபோல், எந்த நிறுவனத்தையும் இவ்விதியில் நனைத்துப் பாருங்கள். நாமே வெளியிடும்போது அட்டைப்படத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் செலவு செய்வது வேறு. அங்கே பதிப்பாளரும் நாமே, உரிமையும் வருவாயும் நமதே. பதிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு உரிமையையும் எடுத்துக்கொண்டு பணமும் கேட்பவரிடமிருந்து விலகி நிற்க.

ஒப்பந்தமும் சட்டமும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குத் துணை நிற்கிறது. அதன் 19-ஆம் பிரிவு ஒவ்வொரு மாணவ எழுத்தாளரும் அறிய வேண்டியது. உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும். எந்த நூல், எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாட்டெல்லை, என்ன ராயல்டி என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்காவிடில் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிக்காவிடில் இந்தியா மட்டுமே. பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அன்றி, அவ்வுரிமை காலாவதியாகும்.

கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். ‘வேறு விதமாகச் சொல்லியிருந்தால்’ என்ற வாசலின் வழியாகவே பல ஒப்பந்தங்கள் நுழைகின்றன. ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று ஓர் ஒப்பந்தம் கூறினால், நம் நாட்டில் அதன் பொருள் எழுத்தாளரின் ஆயுளும் அதன்மேல் அறுபது ஆண்டும். இருபது வயதில் கையெழுத்திட்டால் பேரன் காலம் வரை அது கட்டும்! மின்னூலுக்கு மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பேய்க் கதைகளைத் திரையுலகம் விரும்பும் நாடு நம்முடையது. நிறுவனம் மூடினாலும், ஆறு மாதம் ராயல்டிக் கணக்கு வராவிட்டாலும் உரிமை தானே திரும்பும் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

அனுப்புமுன்

முதலில், அப்பதிப்பகம் வெளியிட்ட இரண்டு நூல்களை விலை கொடுத்து வாங்கிப் படியுங்கள். எழுத்துப்பிழை மலிந்திருந்தால் உங்கள் நூலுக்கும் அதே கதிதான். உங்கள் கதை போன்றவற்றை அவர்கள் வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். ஆங்கிலக் காதல் நாவல் பதிப்பகங்கள் பொதுவாக மகிழ்ச்சியான முடிவை எதிர்பார்ப்பவை. காதலன் பேயாகவே போய்விடும் கதையை அங்கே அனுப்பிப் பயனில்லை. அதை அமானுஷ்யக் கதைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து, அங்கே நூல் வெளியிட்ட எழுத்தாளர் இருவருக்கு எழுதி, ‘ராயல்டி ஒழுங்காக வருகிறதா?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பிறகு, கதைச் சுருக்கம் ஒரு பக்கத்திலும், முதல் மூன்று அத்தியாயங்களும் ஆயத்தம் செய்க. கதைச் சுருக்கத்தில் முடிவை மறைக்க வேண்டா. பதிப்பாசிரியர் வாசகர் அல்லர். கைப்பிரதி ஒருங்குறியில் இருக்கட்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாக மாறி நிற்கும்.

நண்பர்களே, ஊரை விட்டு வந்து, வேற்று மொழிகள் சூழ்ந்த இவ்விடத்தில் நாம் தமிழில் எழுதுகிறோம். அவ்வெழுத்துக்குப் பின்னே உறக்கம் இழந்த இரவுகள் இருக்கின்றன. பலருக்குப் பெற்றோரின் சேமிப்பும் இருக்கிறது. பேயைக் கண்டு அஞ்ச வேண்டா. படிக்காமல் இடும் கையெழுத்துக்கு அஞ்சுங்கள். ஐயம் எழுந்தால், சனிக்கிழமை மாலை மன்றக் கூட்டத்துக்கு ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள். நம்முள் சட்டம் பயில்வோரும் இருக்கின்றனர். ஒன்றாக உட்கார்ந்து படிப்போம்.